உங்கள் நாட்டில் கிடைக்காது

வலியசாலை, திருவனந்தபுரம்
21 ஜூன் 2025

ஆர்ஷா,

உன் போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு வழி தெரியாமல் தபாலில் எழுதுகிறேன். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்ப உனக்கு உரிமை உண்டு. ஆனாலும் தபால்காரர் உன் வீட்டு வாசல் வரை வருவாரே, அதுவாவது நடக்கட்டும்.

உன் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வராததற்குக் காரணம் எழுதி எழுதி மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. உண்மை இவ்வளவுதான்: என்னைப் பார்த்ததும் நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. அவர் பெட்டிக்கு முன்னால் நின்று அதைத் தெரிந்துகொள்ளும் துணிச்சல் எனக்கு வரவில்லை. கழக்கூட்டம் பகுதியில் இருக்கும் எங்கள் ஆபீஸில், என் மேஜையில் உட்கார்ந்து உங்கள் சர்ச்சின் சானலில் லைவ் பார்த்தேன். மழை. நீலத் தார்ப்பாய். பெட்டியின் விளிம்பில் உன் அம்மாவின் கை. அதை எடுக்காமலே வைத்திருந்தார். பிறகு நீ எழுந்து நின்றாய். என்ன பாடப் போகிறாய் என்று வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வரிதான் கேட்டேன். படம் போய், சாம்பல் நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்தது.

மழையில் இணைப்பு போய்விட்டது என்று நீங்கள் எல்லாரும் நினைத்திருப்பீர்கள். அது இல்லை, ஆர்ஷா. அந்த அறிவிப்பை நான் தினமும் பார்க்கிறேன். மியூசிக் கம்பெனிகளுக்குச் சொந்தமான பாட்டு எந்தக் காணொளியில் ஒலித்தாலும் அதைக் கண்டுபிடித்துப் பிடித்து வைப்பதுதான் எங்கள் ஆபீஸின் வேலை. கேட்பது இயந்திரம். சந்தேகமானதை மட்டும் நாங்கள் பார்ப்போம். உன் அப்பாவுக்காக நீ மெட்டுப் போட்டு நான் வரிகள் எழுதிய பாட்டை, நாம் இருவரும் சேர்ந்துதான் நீலாம்பல் மியூசிக்குக்குக் கொடுத்தோம். ஊரெல்லாம் கேட்கும் என்றார்கள், கொடுத்தோம். அவர்கள் உன்னை விட்டுவிட்டு, பேர் பெற்ற அந்தப் பாடகியை வைத்து அதை மறுபடி எடுத்தார்கள். அதோடு நீ என்னோடு பேசுவதையும் விட்டாய். இயந்திரத்துக்கு இப்போது அது அவள் பாட்டு. பாறசாலையில் ஒரு வீட்டு முற்றத்தில் வேறு யாரோ அதைப் பாடுகிறார்கள் என்று அது முடிவு செய்து, லைவை நிறுத்திவிட்டது.

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்பு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன் அப்பா போனதை அம்மாவிடம் சொன்னேன். "பாவம்டீ, நம்மாத்துக்குப் பலாப்பழத்தைத் தோள்ல வெச்சுண்டு பஸ்ல வந்தாரே, நின்னுண்டே காபி குடிச்சுட்டுப் போனாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அனந்தி


பாறசாலை
27 ஜூன் 2025

அனந்தலக்ஷ்மி,

உறையைப் பிரித்துவிட்டேன். கையெழுத்து யாருடையது என்று அம்மா கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன். என் தமிழ் ஞாயிற்றுப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதே.

நீ எழுதியதை முதலில் நம்பவில்லை. ஏன் என்றால், திரவியம் அண்ணன் அன்று எவ்வளவு கவனமாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளுக்கெல்லாம் லைவ் போடுகிறவர் அவர்தான். முன்பு ஒரு வீட்டில் பேண்டுக்காரர்கள் சினிமா மெட்டு வாசித்து லைவ் சத்தமில்லாமல் போய்விட்டதிலிருந்து, பாட வருகிறவர்களை எல்லாம் அவர் நிறுத்தி விசாரிப்பார். அப்பா வீட்டிலும் கொயர்காரர்களிடம், பழைய ஞானப்பாட்டு மட்டும் பாடுங்கள், அதற்கு உடைமைக்காரன் கிடையாது என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ பாடப் போவது யாருக்க பாட்டு பிள்ளே?"

"எனக்க பாட்டுதான் அண்ணே. அப்பாவுக்குப் போட்டது."

"அப்பம் கொழப்பமில்ல. ஒனக்க பாட்டுன்னா எவன் கேக்கப் போறான்? தைரியமா பாடு."

அவ்வளவு கவனமான மனுஷன் தவறவிட்டது என் பாட்டு ஒன்றைத்தான். சிரிக்க வேண்டும் போல் இருந்தால் சிரித்துக்கொள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியாது. முகத்தைத் துணியால் மூடுவதற்கு முன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைப் போதகர் கூப்பிடுவார். திரவியம் அண்ணன் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அங்கே இருக்கிறவர்கள் அந்த நேரம் எழுந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் இருப்போம். அதற்குப் பிறகுதான் மூடுவது. கல்ஃபில் பிள்ளை இல்லாத வீடு இங்கே இல்லை. அதனால் வந்த வழக்கம்.

நான் பாடி முடித்ததும் போதகர் "பினு" என்று கூப்பிட்டார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் பார்க்கிறான் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அம்மா "மக்களே, அப்பாவப் பாத்துக்க" என்று, அவன் அங்கே நிற்பது போலக் கேமராவிடம் சொன்னாள். அவன் ஷார்ஜாவில் அறைக்காரர்களோடு சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். விசா மாற்றத்தில் இருக்கிறான், வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. இல்லாவிட்டால் வராமல் இருப்பானா? போன் மேல் போன் அடித்திருக்கிறான். எங்கள் போன்கள் எல்லாம் வீட்டுக்குள் அலமாரியில் கிடந்தன. திரவியம் அண்ணன் எடுக்கிறாரே என்ற தைரியம்.

"அப்பாவ மண்ணுக்குள்ள வெச்சாச்சா பிள்ளே?" என்று அவன் கேட்டபோது நாங்கள் கல்லறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அறுந்துபோன அந்த அரை மணி நேரம். உன் ஆபீஸில் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து எடுத்து அவனுக்குக் கொடு. பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம்.

ஆர்ஷா


வலியசாலை
6 ஜூலை 2025

ஆர்ஷா,

அந்த அரை மணி நேரம் எங்கள் ஆபீஸில் இல்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வரியில் இருக்குமோ, அதற்கு அடுத்த வரியில் இருக்குமோ என்று தேடிக்கொண்டே நீ இதைப் படிக்கக் கூடாது.

உன் கடிதம் வந்த அன்றே ஸ்மிதாவிடம் போனேன். எங்கள் டீம் லீட். கெட்டவள் இல்லை. உங்கள் சர்ச்சின் காணொளியைத் திறந்து என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். உன் அம்மாவின் கையைப் பார்த்ததும் "அய்யோ" என்றாள். பிறகு சொன்னாள்: "அனந்தி, லைவ் கட்டானா பின்ன ஒண்ணும் சேவ் ஆகாது. நினக்கு அறியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். அவள் வாயால் கேட்கும் வரை தெரியாதது போல் இருந்தேன். நிறுத்தப்பட்ட நொடி வரைக்கும் உள்ளது இருக்கிறது. அதன் மேல் போட்டிருந்த தடையை எடுக்க வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை இயந்திரம் வாங்கவே இல்லை. கேமரா அனுப்பிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் கதவு மூடியிருந்தது. திரவியத்தின் கேமராவில் தனியாகப் பதிவு இருக்கலாம். உடனே கேள்.

நான் படித்த கதைகளில் அநியாயம் செய்கிறவனுக்கு ஒரு முகம் இருக்கும். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே அவனை வெறுக்கலாம். இங்கே யாரை வெறுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. இந்தச் சத்தமும் அந்தச் சத்தமும் ஒன்று என்று ஒரு கணக்கு சொன்னது. தப்பாகவும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பாட்டுதானே. யார் யாருக்காகப் பாடியது என்பது அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. தினமும் ஆயிரக்கணக்கில் இப்படி நிற்கிறது. கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, யாரோ குழந்தையைத் தூங்க வைக்கிற வீடியோ. இத்தனை நாள் அவை எனக்கு வரிசை எண்கள்.

எழுத வேண்டாம் என்றாய். திரவியம் என்ன சொன்னார் என்று மட்டும் தெரிவி.

அனந்தி


பாறசாலை
15 ஜூலை 2025

அனந்தி,

திரவியம் அண்ணனின் கேமராவில் கார்டு இல்லை. நேராக லைவுக்குப் போகிற வயர் மட்டும்தான். நான் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணத்துக்குத்தான் பிள்ளே கார்டு போடுவேன். சாவு வீட்ட எவன் ரெண்டாவது தடவ கேப்பான்?"

அவர் அழுகிறார், நான் சமாதானம் சொல்கிறேன். அப்பா இறந்ததிலிருந்து எனக்கு இதே வேலையாகிவிட்டது.

அடுத்ததைக் கேள். போதகரும் சபைச் செயலரும் வீட்டுக்கு வந்தார்கள். லைவ் போனது சர்ச் சானலில் அல்லவா, சானலுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. தடையை நீ எடுக்க வைத்த பிறகும் அது நிற்கிறதாம். இன்னும் இரண்டு வந்தால் சானலே போய்விடுமாம். செயலர் நேராக என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார். "மோளே, ஒண்ணும் தோணப்பிடாது. சானல் போனா கிறிஸ்மஸ் ஆராதன போச்சு. அங்க கெடக்குத பிள்ளையளுக்கு வேற என்ன இருக்கு? அப்பாவுக்க நினைவு ஆராதனைக்கு நீ கொயரோட நின்னு பாடு. ஒத்தைக்குப் பாடாண்டாம். அந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. அதுதான் எரிகிறது.

வெளியிலும் இதே கதைதான். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் கானமேளா, மேடைக் கச்சேரிக்குப் பாடப் போனேன். கமிட்டிக்காரர்கள் முன்பெல்லாம் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்வார்கள். இப்போது போனை நீட்டி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு இல்லை. அதனால் மேடையில் நான் பேர் பெற்றவர்களின் பாட்டைப் பாடும் பதிலாள். அந்தப் பாடகியின் பாட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். எதை என்று சொல்ல வேண்டுமா? பாடினேன். முடிந்ததும் ஒரு சேச்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஒறிஜினல் போலத் தன்னே இருக்கு, கேட்டோ!" என்றாள். நான் நன்றி சொன்னேன்.

பினு அண்ணனுக்குப் போனில் பாடிக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். "ஒத்தைக்கு எனக்கு மட்டும் பாடாண்டாம். ஊருல எல்லாரும் அப்பாவுக்காக இருந்து கேட்டது அது. நானும் அப்பிடி கேக்கணும். நினைவு ஆராதனைக்குப் பாடு, நான் எந்திச்சு நின்னு கேக்குதேன்" என்கிறான். அவன் இதுவரைக்கும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கல்லூரிக்கு என்னை அனுப்பத்தான் அவன் விமானம் ஏறினான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆராதனை. அன்று ஒரு தடவை நான் என் பாட்டைப் பாட வேண்டும், அவன் கேட்க வேண்டும். அந்தக் கம்பெனியிடம் அனுமதி வாங்கித் தர முடியுமா? கெஞ்ச வேண்டுமானால் நான் கெஞ்சுகிறேன். யாரிடம் என்று மட்டும் சொல்.

ஆர்ஷா


வலியசாலை
28 ஜூலை 2025

ஆர்ஷா,

அனுமதி கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று சொன்ன பிறகு நீ வேண்டாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஸ்மிதாதான் நீலாம்பலின் கொச்சி ஆபீஸில் சுமந்த் என்பவரோடு வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்தாள். நல்ல மரியாதைக்காரர். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "வெரி டச்சிங், அனந்தலக்ஷ்மி. இதை நம்ம சரியா பண்ணணும்" என்றார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். இளகித்தான் இருந்தது. ஆனால் அவர் அடுத்து சொன்னது, "நம்ம கேமரா டீமை அனுப்பறோம்."

உங்கள் சர்ச் சானலில் போகக் கூடாதாம். அவர்கள் சானலில் லைவ் போகும். உங்கள் சானலுக்கு ஆபத்து இல்லை, செயலருக்கு அது நிம்மதி. பாட்டு தொடங்கும்போது திரையில் அந்தப் பாடகியின் பெயரும் படமும் வரும். அடியில் 'மறுபடி பாடியவர்: ஆர்ஷா' என்று போடுவார்கள். வேறு யாரும் போனில்கூட எடுக்கக் கூடாது. "கேமரா வேண்டாம், அனுமதி மட்டும் கொடுங்கள், அது துக்க வீடு" என்றேன். "அது இல்லாம மேனேஜ்மென்ட் ஒத்துக்காது, ட்ரை டு அண்டர்ஸ்டாண்ட்" என்றார். நான் அழுதேன். வீடியோ காலில் அழுகிறவர்களுக்குத் தங்கள் முகமே ஓரத்தில் தெரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இதை உனக்கு அனுப்பக் கை கூசுகிறது. 'மறுபடி பாடியவர்' என்ற சொல்லை எழுதும்போது வேறு சொல் கிடைக்காதா என்று பார்த்தேன். ஒப்பந்தத்தில் அதுதான் இருக்கிறது. உன்னை உன் அப்பாவின் பாட்டுக்கு இரவல்காரியாக்கி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள், அந்தத் தாளைக் கொண்டு வருகிறவள் நான். ஆனால் நீ கேட்டது பினு அண்ணனுக்காக. அதனால் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அனந்தி


பாறசாலை
2 ஆகஸ்ட் 2025

அனந்தி,

சரி என்று சொல்லிவிடு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யாருக்க பேர வேணும்னாலும் எழுதட்டு மோளே. யாருக்க படத்த வேணும்னாலும் போடட்டு. அவன் கேட்டா போரும்" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ள பலகாரமெல்லாம் கொண்டு வருமே, அது எங்க, இப்பம் வரக் காணல?" என்று உன்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று பொய் சொன்னது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

திரவியம் அண்ணனுக்குத்தான் வருத்தம். "என்ன நம்பாம கொச்சியிலேர்ந்து ஆள வரச் சொன்னியாக்கும்" என்றார். விளக்கிச் சொல்ல முடியவில்லை.

பினு அண்ணன் அன்று லீவு போட்டுவிட்டான். வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறானாம்.

நீ வரலாம். பின் வரிசையில் உட்கார். முன்னால் வந்தால் எனக்குக் குரல் வராது.

ஆர்ஷா


பாறசாலை
11 ஆகஸ்ட் 2025

அனந்தி,

நேற்று நீ பின் வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். பேசாமல் போய்விட்டாய்.

பினு அண்ணன் அவன் திரையில் வந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். 'இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று இருக்கிறது. ஆராதனை முடியும் வரை வெள்ளைச் சட்டையோடு அதற்கு முன்னால் நின்றிருக்கிறான். இப்போது வரும், இப்போது வரும் என்று அறைக்காரர்களும் கூட நின்றார்களாம்.

இதற்கு என்ன அர்த்தம்? எழுது.

ஆர்ஷா


வலியசாலை
14 ஆகஸ்ட் 2025

ஆர்ஷா,

அர்த்தம் இதுதான். ஒரு பாட்டு கம்பெனிக்குச் சொந்தம் என்றால் உலகம் முழுவதும் சொந்தம் என்று இல்லை. நாடு நாடாகப் பிரித்து விற்பார்கள். கல்ஃப் நாடுகளுக்கான உரிமையை நீலாம்பல் சென்ற வருடமே துபாயில் வேறு ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அதனால் நீலாம்பல் சானலில் அந்தப் பாட்டு ஒலிக்கிற எதுவும் அங்கே தெரியாது. சுமந்துக்கு அது நினைவில் இல்லை. "ஓ, ஜிசிசி! ஸோ சாரி" என்றார். கல்ஃப் நாடுகளுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பேர்.

எனக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் ஒரு உலக வரைபடம் இருக்கும். எங்கே உரிமை உண்டோ அங்கே பச்சை, இல்லாத இடத்தில் சாம்பல். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: முதலில் வரைபடம், பிறகு மற்றதெல்லாம். உன் பாட்டின் பக்கத்தைப் பத்து தடவையாவது திறந்திருப்பேன். அனுமதி, அனுமதி என்று அதையே தேடிக்கொண்டிருந்தேன். வரைபடம் அங்கேயேதான் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல். ஸ்மிதாவிடம் காட்டினேன். என் தோளில் கையை வைத்துவிட்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள்.

நேற்று வரை அந்தக் காணொளியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். கனடாவிலிருந்து ஒருவர், 'என் அப்பா நினைவு வந்தது' என்று எழுதியிருக்கிறார். இந்த உலகத்தில் அதைப் பார்க்க வேண்டியிருந்தவர் ஒருவர், அவர் மட்டும் பார்க்க முடியாத மாதிரி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

நீ பாடியதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதனால்தான் பேசாமல் வந்தேன்.

ஒன்று செய்திருக்கிறேன். கொச்சிக்காரர்கள் எடுத்த முழுப் பதிவும் சோதனைக்காக எங்கள் ஆபீஸுக்கு வரும். அதிலிருந்து உன் பாட்டை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துவிட்டேன். வெளியே கொண்டுவரக் கூடாது. தெரிந்தால் வேலை போகும், போகட்டும். உன் குரல், சர்ச் மணி, உன் அம்மா இருமுவது எல்லாம் அதில் இருக்கிறது. தபாலில் அனுப்பவா? நீ அண்ணனுக்கு எப்படியாவது சேர்த்துவிடு. சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

அனந்தி


பாறசாலை
25 ஆகஸ்ட் 2025

அனந்தி,

அதை அனுப்பாதே. அழித்துவிடு.

பினு அண்ணன் பார்த்துவிட்டான். நீ எடுத்ததை இல்லை. யாரோ அந்தக் காணொளியிலிருந்து அரை நிமிடம் வெட்டி ரீல் போட்டிருக்கிறார்கள். அதில் பாட்டை எடுத்துவிட்டு அந்தப் பாடகியின் பதிவை ஒட்டியிருக்கிறார்கள். எல்லாரும் இப்போது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் போடுகிறார்களாம், அப்போதுதான் நிறையப் பேருக்குப் போகும் என்று எங்கள் கானமேளா கீபோர்டுக்காரர் சொன்னார். நானும் பார்த்தேன். பின்னால் அப்பாவின் படம், மெழுகுவத்தி. என் முகம், என் சேலை, என் வாய் அசைகிறது. வருகிற குரல் அவளுடையது. அவள் பதிவில் 'அப்பா' வரும் இடத்தில் 'அன்பே' என்று மாற்றியிருப்பார்களே, அதுவும் அப்படியே.

அதில் ஏதோ ஒரு மாதிரி மாற்றியதால் துபாய்க் கம்பெனிக்கும் தெரியவில்லை போல. ஷார்ஜாவுக்குப் போய்விட்டது. அவன் அறைக்காரர் ஒருவரின் போனில் தானாக வந்திருக்கிறது. நேற்று கூப்பிட்டான். அப்பா போனதிலிருந்து அவன் குரல் இப்படி இருந்ததில்லை.

"கண்டேன் பிள்ளே. எல்லாரும் எந்திச்சு நின்னோம். நம்ம ரூமுல உள்ள வைக்கம்காரனும் நின்னான். அரை நிமிஷம்னாலும் போரும் எனக்கு. அப்பாவ அன்பேன்னு கூப்பிட்டியே, அங்க எனக்கு அடக்க முடியல."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளும் அந்த ரீலைப் பார்த்தவள்தான். தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

நீ வைத்திருப்பது அவனிடம் போனால் அவன் இரண்டையும் வைத்துக் கேட்பான். கேட்டால் தெரிந்துவிடும். மூன்றாவது தடவையும் அவனிடமிருந்து அதை எடுக்க என்னால் முடியாது. உன் வேலை போக வேண்டாம். நீ போனால் அந்த வரைபடத்தைப் பார்க்க வேறு யாரோ வருவார்கள், அவ்வளவுதானே.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நட்பும் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன். கானமேளாவுக்கு இனி வர முடியாது என்று சொல்லிவிட்டேன். ஓணத்துக்கு அண்ணன் கூப்பிட்டு ஏன் பாடப் போகவில்லை என்று கேட்டால் வேறு ஏதாவது காரணம் சொல்ல வேண்டும்.

போனை வைக்கும் முன் அவன் சொன்னான், "ஒனக்க குரலு மாறிப் போச்சே பிள்ளே. பண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும். இப்பம் நல்லா தெளிஞ்சு போச்சு."

"ஆமாண்ணே, இப்பம் தெனமும் சாதகம் பண்ணுதேன்" என்றேன்.

ஆர்ஷா